புத்தக ஓரத்தில் பென்சில் புள்ளிகள்

என் மேசையில் இருக்கும் தடித்த புத்தகத்தை யாரோ எடுத்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புழுதியால்தான் தெரிந்தது. வட்டக்கச்சியில் சோளகக் காற்று எழும்பிவிட்டால் யன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் புழுதி உள்ளே வந்து படியும். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது புத்தகத்தின் மேலட்டையில் விரலால் பெயர் எழுதலாம்போல இருந்தது. பின்னேரம் திரும்பி வந்தபோது அட்டை பளிச்சென்று கிடந்தது. பக்கத்தில் இருந்த விடைத்தாள் கட்டின் மேல் புழுதி அப்படியே இருந்தது. மேசையைத் துடைத்தவர் என்றால் இரண்டையும் அல்லவா துடைத்திருப்பார்?

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அந்தப் புத்தகம் யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கியது. முதற்பக்கத்தில் இருந்த முத்திரையை யாரோ பிளேட்டால் சுரண்டி எடுத்திருந்தார்கள். எந்த நூலகத்தில் இருந்து களவு போனதோ என்று வாங்கும்போதே மனம் உறுத்தியது. ஆனாலும் விட மனம் வரவில்லை. உலகத்தில் உள்ள இரசாயனங்களையும் மருந்துகளையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கிய கலைக்களஞ்சியம் அது. தொடக்கத்தில் ஒரு மருந்துக் கம்பனியின் விலைப்பட்டியலாக இருந்ததாம். பிறகு நூறு வருடத்துக்கு மேலாகப் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது பல பதிப்புகள் பழையது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், எறும்புபோன்ற எழுத்தில் ஒரு பந்தி. என்ன நிறம், எந்த வெப்பத்தில் உருகும், எதில் கரையும், எதற்குப் பயன்படும் என்று இருக்கும். பலவற்றுக்கு, எவ்வளவு கொடுத்தால் எலிகளில் பாதி சாகும் என்றும் ஒரு வரி இருக்கும். பொழுதுபோக்குக்கு விரிக்கிற புத்தகம் அல்ல. அதை எடுத்தவர் ஏதோ ஒன்றைத் தேடித்தான் எடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் வயல் செய்கிறார். பத்திரிகை தவிர வேறு எதையும் அவர் விரித்து நான் கண்டதில்லை. மற்றவர் மச்சாள், கணவரின் அக்கா. தர்மபுரத்தில் குடியிருந்தவர். முந்தின வருடம் மச்சாளின் கணவர் சிறுநீரக வருத்தத்தில் இறந்துபோனார். பிள்ளைகளும் இல்லை. அங்கே தனியே இருக்க வேண்டாம் என்று என் கணவர்தான் அவரை இங்கே கூட்டிவந்தார். வந்ததிலிருந்து சமையல் முழுவதும் மச்சாளின் கையில். நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர் என்னை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா, தூரமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் புத்தகத்தின் மூலையைச் சுற்றி மேசையில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனேன். பின்னேரம் பார்த்தேன். புத்தகம் கோட்டை விட்டு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.

மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மிக மெல்லிய தாள். ஓர் இடத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. கடுகின் அளவுதான். புள்ளிக்கு நேரே இருந்த பெயர், எங்கள் வயலுக்கு அடிக்கிற ஒரு புல்லுமருந்தின் பெயர். இன்னும் புரட்டினேன். இரண்டாவது புள்ளி ஒரு பூச்சிமருந்துக்கு. இப்போது விற்பனையில் இல்லாத, மிகவும் நஞ்சான மருந்து அது. அந்தப் பந்தியின் அடியில் எலிக்கான வரியில் மெல்லிய கோடும் இழுத்திருந்தது.

மேலே புரட்ட எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலில் இருந்தேன். புருசனை இழந்த பெண், நஞ்சுகளின் பெயர்களைத் தேடிப் புள்ளி வைக்கிறார். தனக்காகத் தேடுகிறாரா? அல்லது... அந்த 'அல்லது' எனக்கு ஏன் வந்தது என்று அப்போது நான் என்னையே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கணவர் வயலால் வந்து குளித்துவிட்டு இருந்தபோது மெதுவாகத் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, அக்காவிலை ஏதும் மாற்றம் தெரியுதோ உங்களுக்கு?"

"என்ன மாற்றம்? நல்லாத்தானே இருக்கிறா."

"என்ரை புத்தகத்தை எடுத்துப் பாக்கிறா. மருந்துப் புத்தகத்தை. நஞ்சுச் சாமான்களுக்குப் பக்கத்திலை புள்ளி போட்டிருக்கு."

அவர் துவாயால் தலையைத் துடைத்தபடி சிரித்தார். "அக்கா ஓ.எல். வரைக்கும் படிச்சவா. அவாவுக்குப் பொழுது போகேல்லை, எடுத்துப் பாத்திருப்பா. உமக்கு விசரே?"

"வயல் மருந்து வைக்கிற கொட்டிலைப் பூட்டி வையுங்கோ. அதுதான் சொல்லுறன்."

மறுநாள் கொட்டிலை நானே போய்ப் பார்த்தேன். மருந்துப் போத்தல்கள் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. ஐந்தாவது நின்ற இடத்தில் புழுதி இல்லாத ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து மச்சாள் தருகிற தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் யன்னலால் செவ்வரத்தை மரத்தின் அடியில் ஊற்றுவேன். இரவுச் சாப்பாட்டில் என் கணவர் எந்தக் கறியை எடுக்கிறாரோ அதை மட்டும் நானும் எடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒருநாள் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்ட வடை ஊசிப்போயிருந்தது என்பது எனக்கே தெரியும். அப்படியிருந்தும் முகம் கழுவும்போது கண்ணாடியில் நாக்கை நீட்டி நிறம் பார்த்தேன்.

மச்சாளைக் கவனிக்கத் தொடங்கினால் எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. அவர் தன் பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைக்குள் வைத்திருந்தார். முன்பும் அப்படித்தான் வைத்திருந்தாரா? நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்தினார். அவரும் தம்பியான என் கணவரும் என்ன கதைத்துக்கொண்டிருந்தார்கள்? ஒருநாள் குசினியில் அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி, "ரீச்சர், நீங்கள் முந்திக் கிளிநொச்சியிலை எந்தப் பாமசிக்குப் போறனீங்கள்?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற கேள்வியா அது?

ஒரு வெள்ளிக்கிழமை கல்வி வலயத்தில் ஏதோ கூட்டம் என்று பாடசாலையை நேரத்துக்கே விட்டார்கள். பத்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேண்டுமென்றே சைக்கிளைப் படலைக்கு வெளியே சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனேன்.

மச்சாள் என் கதிரையில் இருந்தார். இறந்துபோன கணவரின் கண்ணாடியைப் போட்டிருந்தார். புத்தகம் விரிந்து கிடந்தது. வரி தவறாமல் இருக்க என் அடிமட்டத்தை எழுத்தின் கீழே பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய குளிசை அட்டைகள், டொக்டர் எழுதிய மருந்துத் துண்டுகள். மடியில் அந்த மனிசனின் கிளினிக் கொப்பி. அதன் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். ஒரு குளிசை அட்டையை எடுத்து நீட்டினார்.

"ரீச்சர், உது எலிமருந்தோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தேன். டைக்ளோபெனாக். முழங்கால் நோவுக்கு ஊரெல்லாம் போடுகிற குளிசை. அட்டையில் கடைசியாக இரண்டு குளிசைகள் மிஞ்சியிருந்தன. அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. அது நான் வாங்கிக் கொடுத்தது.

"ஆர் சொன்னது எலிமருந்தெண்டு?"

"இதிலைதான் கிடக்கு." மச்சாள் அடிமட்டத்தை நகர்த்திக் காட்டினார். அந்தப் பெயருக்கு நேரே ஒரு பென்சில் புள்ளி. பந்தியின் முடிவில் எலி என்ற ஆங்கிலச் சொல்லின் கீழே கோடு. "ராற் எண்டால் எலிதானே? வாயாலை குடுக்கிறது எண்டும் போட்டிருக்கு. என்ரை இவருக்கு நீங்கள் எலிக்குக் குடுக்கிறதை வாங்கித் தந்தனீங்களோ?"

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. சந்தையில் மீன் நல்லதோ என்று கேட்கிற குரலில் கேட்டார். எவ்வளவு நாளாக இந்தக் கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அவர் இறப்பதற்கு முந்திய ஓர் அறுவடைக் காலம் அது. மச்சாளின் கணவருக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னால் அரிவு வெட்டு முடியட்டும் என்றார். "ரீச்சருக்குத்தானே மருந்துகள் தெரியும், ஏதும் வாங்கித் தாருங்கோ" என்று மச்சாள்தான் கேட்டார். நான் கிளிநொச்சியில் பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கிக் கொடுத்தேன். நோவு நின்றது என்று சந்தோசப்பட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு தரம் வாங்கிக் கொடுத்தேன். அந்த வருட முடிவில்தான் கால் வீங்கி, முகம் வீங்கி, சிறுநீரகம் பழுது என்று கண்டுபிடித்தார்கள்.

"இருங்கோ மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப்போட்டு இருந்தேன். "இது எலிமருந்தில்லை. புதுசா ஒரு மருந்து செய்தால் அதை முதல் எலிகளுக்குக் குடுத்துத்தான் பாப்பினம். எவ்வளவு குடுத்தால் சாகும் எண்டு எழுதி வைப்பினம். இந்தப் புத்தகத்திலை கனக்கச் சாமானுக்கு அப்பிடி இருக்கு."

"அப்ப எல்லாம் நஞ்சோ?"

"அளவு மிஞ்சினால் எல்லாம் நஞ்சுதான்." நான் புரட்டிக் கபீன் என்ற இடத்தைக் காட்டினேன். "இது தேயிலைக்குள்ளை, கோப்பிக்குள்ளை இருக்கிற சாமான். இஞ்சை பாருங்கோ, இதுக்கும் எலி போட்டிருக்கு."

மச்சாள் குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தார். எலி இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதாலையோ என்ரை தேத்தண்ணியைச் செவ்வரத்தைக்கு ஊத்துறியள்?"

அவர் தொடர்ந்து சொன்னார். "தெரியும் ரீச்சர். மரத்தடியிலை எறும்பு மொய்க்கிறதைப் பாத்தனான். என்னத்துக்கு நான் போடுற தேத்தண்ணியிலை இவவுக்குப் பயம் எண்டு யோசிச்சனான். மடியிலை கனம் இருந்தால்தானே வழியிலை பயம்? உங்களிட்டைக் கேட்டால் உண்மை வராது எண்டு முதலே நினைச்சுத்தான் புத்தகத்திட்டைக் கேட்டனான்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். புல்லுமருந்து, பூச்சிமருந்து, குளிசைகள் என்று மனிசனின் கையும் வாயும் பட்ட எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, எது கொன்றது என்று அகரவரிசையில் தேடியிருக்கிறார். கொட்டிலில் குறைந்த போத்தலைப் பற்றிக் கேட்டேன். பக்கத்து வயற்காரருக்குத் தம்பி கொடுத்தது, வேண்டுமென்றால் அவனைக் கேளுங்கள் என்றார்.

"பரசிற்றமோலை மட்டும் காணேல்லை. 'பி'யிலை முழுக்கப் பாத்திட்டன். ஏன் மறைச்சிருக்கினம்?"

"மறைக்கேல்லை. அமெரிக்கக்காரர் அதை வேறை பேரிலை சொல்லுறவை. முன்னுக்கு 'ஏ'யிலை கிடக்கு." பின்னிணைப்பில் பெயர்ப்பட்டியலைக் காட்டி, அங்கிருந்து உரிய இடத்துக்குக் கூட்டிப்போனேன். மச்சாள் தலையாட்டினார். முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது. எலிமருந்து இல்லை என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

அங்கேதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏனென்றால் அவர் கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு விடை அந்தப் பழைய பதிப்பில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். மச்சாளின் கணவருக்குச் சிறுநீரக வருத்தம் என்று கண்டுபிடித்த கிழமையே நானும் அதே பந்தியை அதே மேசையில் எடுத்துப் பார்த்திருந்தேன். பிறகு தொலைபேசியிலும் தேடினேன். இந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும், ஏற்கெனவே பழுதென்றால் இன்னும் மோசம் என்று இருந்தது. படித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. செத்தவீட்டில் பறை கேட்கிற நேரத்திலும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வந்த இரண்டு கிழமையும் மச்சாள் என்னிடம் மிகவும் பட்சமாக இருந்தார். நான் அவசரமாகப் புறப்படும்போது சாப்பாட்டுப் பெட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துவிடுவார். "பாவம், உங்களைப் போய்ப் பிழையா நினைச்சிட்டன்" என்று ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். அந்தக் கை தலையில் பட்டபோது எனக்கு உடம்பு கூசியது. இவருக்கு எல்லாம் தெரியும், நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கிறார் என்றும் ஓர் எண்ணம் வந்தது. தேத்தண்ணியை இப்போது குடித்தேன். சந்தேகம் மட்டும் வேறு கோப்பைக்கு மாறியிருந்தது.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். எலிமருந்து இல்லை என்றது உண்மை, ஆனால் முழுதும் சொல்லவில்லை என்றேன். தெரிந்த அளவைச் சொன்னேன். மச்சாள் தோய்த்துக்கொண்டிருந்த சேலையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார். மடிப்பெல்லாம் இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "உங்கடை கதையையும் கேட்டாச்சு. டொக்டரிட்டைக் கேப்பம். நீங்களும் வாங்கோ" என்றார்.

அவரின் கணவரைப் பார்த்த டொக்டர், இளம் வயதுப் பெண். நாங்கள் போன அன்று கிளினிக்கில் சனம் நிறைந்திருந்தது. எல்லோரும் முடிந்த பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். மச்சாள் கொப்பியையும் குளிசை அட்டையையும் மேசையில் வைத்தார். என்னைக் காட்டி, "இவாதான் வாங்கித் தந்தவா. இதாலையோ இவர் செத்தவர்?" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

டொக்டர் கொப்பியை முதலிலிருந்து வாசித்தார். "அம்மா, ஸ்கானிலை அவருக்கு ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போய் இருந்தது. அது ஒரு மாதம், ரெண்டு மாதத்திலை வாறேல்லை. கன வருசமா உள்ளுக்கை நடந்திருக்கு."

"அப்ப இந்தக் குளிசை ஒண்டும் செய்யேல்லையோ?"

"அப்பிடியும் சொல்லேலாது. பழுதான கிட்னிக்கு இது கூடாது. வருத்தத்தைக் கெதிப்படுத்தியிருக்கலாம். எவ்வளவு எண்டு ஆராலும் சொல்லேலாது." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு அப்ப அவருக்குக் கிட்னி வருத்தம் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அவருக்கே தெரியாது" என்று மச்சாள் சொன்னார். அது எனக்குத் துணையாகச் சொன்னதா, வெறும் தகவலா என்று பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இருக்கை கிடைத்தது. வாய்க்கால் தாண்டியதும் மச்சாள் தொடங்கினார்.

"நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம், ரீச்சர்."

"பயந்திட்டன் மச்சாள்."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

"நான் உங்களுக்குப் பயந்து பெட்டியைப் பூட்டினன். நீங்கள் எனக்குப் பயந்து மரத்துக்குத் தேத்தண்ணி வாத்தியள். இவன் தம்பி நடுவிலை இருந்து வைச்ச சமையலை எல்லாம் ஒரு பயமில்லாமல் திண்டுகொண்டிருந்தவன்." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடிந்ததும் மச்சாள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை.

அடுத்த மாதம் மச்சாள் தர்மபுரத்துக்கே போய்விட்டார். கச்சான் கடலை போட வேணும், வளவு பற்றையாகக் கிடக்கு என்றார். தம்பி மறித்துப் பார்த்தார், கேட்கவில்லை. அது கோபத்தில் போனதா, உண்மையிலேயே கச்சானுக்காகப் போனதா என்று நான் எவ்வளவோ நாள் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கச்சான் உண்மையாகவே முளைத்திருந்தது. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கச்சான் போட்டால் கோபம் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் தெரியும்.

போன கிழமை மச்சாள் தொலைபேசி எடுத்தார். அவருக்கு இப்போது இடுப்பு நோகிறதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதோ குளிசை கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்தார். நான் எழுதிக்கொண்டே வந்து பாதியில் மறித்தேன்.

"மச்சாள், அதைப் போடாதேங்கோ. முதல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"ஓம், நாளைக்குக் கிளினிக் போறன். அவை என்ன சொல்லுகினம் எண்டும் கேப்பன். நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டும் கேப்பன்."

"என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

மறுமுனையில் சேவல் கூவிக் கேட்டது. மச்சாள் அதைத் துரத்திவிட்டு வந்தார்.

"இருக்கு ரீச்சர். டொக்டரிலையும் இருக்கு. அதுதான் ரெண்டு பேரிட்டையும் கேக்கிறன்" என்றார். பிறகு, விட்ட இடத்திலிருந்து எழுத்துகளை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.